சமமாகப் பங்கிட்ட கரண்ட்

எங்கள் வீட்டில் தண்ணீருக்குக் குறைவே கிடையாது, ஐயா. சங்கரன்கோவிலில் பாதித் தெரு குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற கோடையிலும் எங்கள் போர் கைவிட்டதில்லை. கொல்லையில் ஒரு குழாய், அதன் கீழே சிமெண்ட் பூசிய சின்ன மேடை. என் மனைவி ரூபியா ஐந்து வேளைத் தொழுகைக்கும் அங்கேதான் கை, முகம், கால் கழுவி ஒளு செய்வாள். இப்போது அவள் கடையநல்லூரில் அவளுடைய உம்மா வீட்டில் இருக்கிறாள். வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. என்னோடு பேசுவதில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று அவள் தரப்பில் உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஏன் அப்படி நடந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

என் வாலிபம் முழுக்க சவூதியில், தம்மாமில் ஒரு குளிர்பதனக் கிடங்கின் ஜெனரேட்டர் அறையில் போனது. ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்கள் கம்பளி, சென்ட், பேரீச்சம்பழம் என்று கொண்டுவருவார்கள். நான் ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் கொண்டுவந்தேன். பெட்டியைப் பிரித்தபோது ரூபியா எட்டிப் பார்த்து, "ஏங்க, இதுக்குள்ள தங்கம் கிங்கம் வச்சிருக்கீங்களா?" என்றாள். இல்லை என்றதும் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு வாய்த்தது நல்ல காது, ஐயா. இதை நானாகச் சொல்லக்கூடாது, ஆனால் சொல்ல வேறு ஆள் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு தறி ஓடத் தொடங்கினால் எந்தக் கூடத்துத் தறி என்று சொல்லிவிடுவேன். யாரும் போய்ச் சரிபார்த்ததில்லை. அப்படிப்பட்ட காது உள்ளவனுக்கு அல்லா ஒரு சோதனை வைத்தான். பாட்டுப் போட்டால் பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். புல்லாங்குழல் மூச்சு விடுகிற இடத்தில் எல்லாம் இந்த "ம்ம்ம்" உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளும்.

ரூபியாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலையேங்க" என்றாள். அவளுக்கு ஆயிரம் வேலை. காது கொடுத்துக் கேட்க நேரம் ஏது என்று விட்டுவிட்டேன். தெருவில் இத்தனை பவர்லூம் ஓடுகிறது. எல்லாத் தறியின் அழுக்கும் கரண்ட் வழியாக என் வீட்டுக்குள் வருகிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வருகிற கரண்டில் நியாயமே கிடையாது. ஒரு கம்பியில் இருநூற்று முப்பது வோல்ட். மற்றது நியூட்ரல் என்று பேர் வைத்துக்கொண்டு, அண்ணன் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிற தம்பி மாதிரி சும்மா கிடக்கிறது. நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை வைத்து, அதன் கம்பிச் சுற்றின் நட்டநடு இடத்தை எர்த்தில் கட்டிவிட்டால் இரண்டு கம்பிக்கும் ஆளுக்கு நூற்றுப் பதினைந்தாகப் பிரிந்துவிடும். இரண்டிலும் வருகிற இரைச்சல் எதிரும் புதிருமாக மோதி ஒழிந்துபோகும். வெளிநாட்டு ஸ்டுடியோக்களில் இப்படி வைத்திருப்பதை வீடியோவில் பார்த்தேன். வீட்டில் இதைச் செய்யாதீர்கள் என்று அந்த ஆள் ரொம்ப நேரம் பேசினார். அந்தப் பகுதியை ஓட்டிவிட்டு மிச்சத்தைப் பார்த்தேன்.

மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற பேச்சிராஜ்தான் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக் கொடுத்தான். அவன் பேரில் ஒரு தப்பும் இல்லை. கையில் வடையை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

"பாய், இதுல நியூட்ரலுன்னு ஒண்ணு கிடையாது, பாத்துக்கிடுங்க. ரெண்டு கம்பியுமே ஆளைப் பிடிக்கும். சுவிட்ச் போட்டா ரெண்டையும் சேத்து வெட்டுத மாதிரி போடணும். கசிவு இருந்தா தானா விழுத சுவிட்ச் ஒண்ணு இந்தப் பக்கமும் வேணும். அப்புறம், பழைய எர்த்தையும் இதுக்குத் தோண்டுத எர்த்தையும் ஒரு கம்பியப் போட்டுச் சேத்துக் கட்டிருங்க."

"சரிப்பா" என்றேன்.

"மறந்துராதீங்க பாய்."

நான் மறக்கவில்லை. ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் விட்டேன். சுவிட்சு கூடினால் கரண்ட் தாண்ட வேண்டிய படியும் கூடும், சத்தம் மங்கும். கசிவுக்கு விழுகிற சுவிட்ச் பாட்டின் நடுவில் விழும். பழைய எர்த்தோ தறிக்காரர்கள் எல்லோரும் அழுக்கைக் கொட்டி வைத்த எர்த். அதோடு என் புது எர்த்தைச் சேர்ப்பதற்கு எதற்காகப் புதிதாகத் தோண்ட வேண்டும்?

எர்த் குழி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும் என்பார்கள். எங்கள் பக்கத்து மண் தண்ணீரைக் கண்டதும் குடித்துவிட்டு உடனே காய்கிற மண். நம் வீட்டில் எந்த இடம் காயவே காயாது என்று யோசித்தேன். ரூபியா ஒளு செய்கிற இடம். ஐந்து வேளையும் ஒரு நாளும் தவறாமல் அங்கே தண்ணீர் விழும். அந்த மேடையை உடைத்து, குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, செம்புக் கம்பியை இறக்கி, மேலே மறுபடி சிமெண்டை மெல்லிசாகப் பூசினேன். ரூபியா சந்தோஷப்பட்டாள். "பரவால்லையே, எனக்காக மேடையெல்லாம் சரி பண்ணுதீங்க" என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

இரைச்சல் குறைந்தது. விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்கு அவள் ஒளு செய்துவிட்டுப் போனதும் கேட்டால், குழல் அப்படியே முன்னால் வந்து உட்காரும். இன்னொரு நல்லதும் நடந்தது. என் ஆம்ப்ளிஃபயர் பழசு, உள்ளே எங்கோ கசிவு. மீட்டர் பக்கத்தில் இருந்த பாதுகாப்பு சுவிட்ச் அதனால் அடிக்கடி விழும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பிறகு அது விழவே இல்லை. கசிவு நின்றுவிட்டது என்று ரூபியாவிடம் சொன்னேன். நிற்கவில்லை, ஐயா. டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால் நடப்பது அந்த சுவிட்சுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாளில் ரூபியா வந்து, "ஏங்க, ஒளு செய்யும்போது மட்டும் கை ரெண்டும் விறுவிறுன்னு இழுக்குது" என்றாள்.

"ரத்தம் நல்லா ஓடுதுன்னு அர்த்தம்" என்றேன்.

அன்றைக்கே வோல்ட் பார்க்கிற கை மீட்டரை எடுத்துக் கொல்லையில் வைத்துப் பார்த்தேன். நான் கவனமில்லாதவன் அல்ல. ஆம்ப்ளிஃபயரில் கசிகிற கரண்ட் பழைய எர்த் வழியாக மண்ணில் இறங்கி, புது எர்த் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்புகிறது. இரும்புக் குழாய் மோட்டார் வழியாகப் பழைய எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மேடை புது எர்த்தின் தலைமேல் இருக்கிறது. ஈரக் காலோடு மேடையில் நின்று குழாயைத் தொடுகிற ஆள் இரண்டையும் இணைத்துவிடுவார். இதற்கு வேண்டியது ஒரு துண்டுக் கம்பி. பேச்சிராஜ் சொன்ன அதே கம்பி. கட்டிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விறுவிறுப்பு போய்விட்டது. இரைச்சல் திரும்பிவிட்டது. அவிழ்த்துவிட்டேன்.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். பஜாருக்குப் போய் அவளுக்கு நல்ல ரப்பர் செருப்பு வாங்கி வந்தேன். கால் கழுவும்போது செருப்பைக் கழற்றத்தானே வேண்டும் என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. இருந்தாலும் வாங்கிக் கொடுத்த அன்பு வீண் இல்லை. கடைக்குப் போக அதைப் போட்டுக்கொண்டாள்.

நரம்புத் தளர்ச்சியாக இருக்கும் என்று நான்தான் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனேன். நல்ல டாக்டர். கையில் வயரை ஒட்டி, லேசாகக் கரண்ட் கொடுத்து நரம்பைச் சோதித்தார். ஒரு குறையும் இல்லை, எதற்கும் இருக்கட்டும் என்று சத்து மாத்திரை எழுதினார். பஸ்ஸில் திரும்பும்போது ரூபியா சன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு, "ஏங்க, அந்தச் சோதனை அப்படியே நம்ம வீட்டுக் குழாயத் தொட்ட மாதிரி இருந்துச்சுங்க" என்றாள்.

"நரம்பு எங்க இருந்தாலும் நரம்புதானே" என்றேன். அவள் தலையாட்டினாள். அவள் என்னை நம்புகிறவள். அந்த நம்பிக்கையை நான் என்றைக்கும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை.

பிரச்சினை எங்கள் பள்ளிவாசல் இமாம் ஹபீப் முகம்மது ஹஜ்ரத்திடமிருந்து வந்தது. ரூபியாவின் கை இழுப்பைக் கேள்விப்பட்டு, பள்ளிவாசல் வாசலில் என்னை நிறுத்தினார்.

"கரண்டு கசிவா இருக்கப் போவுது தம்பி. ஆளை விட்டுப் பாருங்க."

"பாத்தாச்சு ஹஜ்ரத்." இது பொய் இல்லை.

"அப்பம் நோயின்னா, தண்ணி ஆகாதவங்களுக்கு மார்க்கத்துல எடம் இருக்கு. குணமாகுத வரைக்கும் தயம்மும் செஞ்சுக்கிடச் சொல்லுங்க."

தயம்மும் என்றால் தண்ணீருக்குப் பதிலாகச் சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்தையும் கையையும் தடவிக்கொள்வது. அவர் அதோடு நில்லாமல் தன் வீட்டுப் பெண்கள் மூலம் ரூபியாவிடமும் சொல்லி அனுப்பிவிட்டார். அவளும் ஒரு தட்டில் மண்ணை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். கை இழுப்பு அன்றோடு நின்றது. மாத்திரை வேலை செய்கிறது என்று எல்லோரிடமும் சொன்னாள்.

ஆனால் குழி காய்ந்துவிட்டதே, ஐயா. "ம்ம்ம்" மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டது. நான் வாளி வாளியாக ஊற்றினேன். மனுஷன் ஊற்றுகிற தண்ணீர் எத்தனை நேரம் நிற்கும்? கிலோக் கணக்கில் கல்லுப்பைக் கரைத்து ஊற்றினேன். ஆனி மாதக் காற்று அடித்து எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு போனது. அவள் ஐந்து வேளை வருகிற ஒழுங்கு எனக்கு வரவில்லை.

நான் வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிவாசல் பக்கம் தலைகாட்டுகிறவன். அந்த வாரத்தில் மார்க்கப் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தேன். உடம்பு தேறிய பிறகும் தண்ணீரை விட்டு மண்ணைத் தொடுவது செல்லாது என்று ரூபியாவிடம் எடுத்துச் சொன்னேன். "உன் தொழுகை வீணாகிடக்கூடாதே ரூபியா" என்றேன். அதைச் சொல்லும்போது என் கண் கலங்கியது. அவளுக்கும் கலங்கியது. இந்த மனுஷனுக்கு அல்லா இப்பவாவது நேர்வழி காட்டி ஹிதாயத் கொடுத்தானே என்று நினைத்திருப்பாள். சாயங்கால அஸர் தொழுகைக்குத் தண்ணீரிலேயே ஒளு செய்கிறேன் என்று கொல்லைக்குப் போனாள்.

நான் உள்ளே போய்ப் பாட்டைப் போட்டேன். மேடை நனையத் தொடங்கியதும் இரைச்சல் இறங்குவது தெரிந்தது. நான் ஊற்றிய உப்பு முழுக்க அந்தத் தண்ணீருக்காகக் காத்திருந்திருக்கிறது. பிறகு ஒரு கட்டத்தில் அது சுத்தமாக நின்றது. குழல் மட்டும் இருந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை.

அப்புறம் காற்றுக்கு எங்கோ லைன் அறுந்து கரண்ட் போனது. அதனால்தான் ரூபியாவின் கை குழாயிலிருந்து விடுபட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் வெளியே வந்தது கரண்ட் தெரு முழுக்கப் போயிருக்கிறதா, நம் வீட்டில் மட்டுமா என்று பார்க்க. கொல்லையில் அவள் விழுந்து கிடந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆட்டோவில் அழுதேன். அது நடிப்பு இல்லை.

இப்போது என் சொந்தக்காரப் பையன், எனக்காக வந்திருக்கிற வக்கீல் ஆசிப் தம்பி என்ன செய்திருக்கிறான், பாருங்கள். உங்களிடம் ஒரு காது டாக்டரின் சான்றிதழைக் கொடுத்திருக்கிறான். அதில் எழுதியிருக்கிறார்கள், ஜெனரேட்டர் அறையில் கிடந்து கிடந்து இவருக்குப் பாதிக் காது போய்விட்டது. அந்த "ம்ம்ம்" கரண்டில் இல்லை, இவர் காதுக்குள்ளேயேதான் இருக்கிறது. மனைவி கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது என்று. "மாமா, நீங்க வாயத் திறக்காம இருந்தாப் போதும், கேசு நிக்காது" என்கிறான். பாசத்தில் செய்கிறான். ஆனால் மனுஷனுக்கு மானம் என்று ஒன்று உண்டு.

அதனால் நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ரூபியா இரண்டு தடவை "ஏங்க" என்று கூப்பிட்டாள். இடது ஸ்பீக்கருக்கு ஒரு முழம் வெளியே, கொஞ்சம் பின்னால் தள்ளி, இம்மி பிசகாமல் அந்த இடத்திலிருந்து குரல் வந்தது. முதல் தடவை குரல் தெளிவாக இருந்தது. இரண்டாவதில் லேசாக அதிர்வு கலந்திருந்தது. பாட்டு முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. காது கேட்காதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.