ஓரகத்தி மேடு

அந்தக் காலத்துல, ரோடு வண்டி எதுவும் எட்டிப் பாக்காத காலத்துல, கடலோரத்துல புளிச்சிவிளைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். ஊருக்கே ஒத்தக் கெணறு. ஆடி பொறந்தாப் போதும், காத்து மணல வாரிக்கிட்டு வந்து கெணத்துல கொட்டுமாம். சனம் பெட்டி பெட்டியா அள்ளும். அள்ள அள்ள விழும். கெணறு தூந்துட்டா ஊரையே காலி பண்ணிட்டுப் போவ வேண்டியதுதான்.

அந்த ஊர்ல ரெண்டு ஓரகத்திங்க. அண்ணன் பொஞ்சாதி சிவனணைஞ்சா. தம்பி பொஞ்சாதி பூங்கனி. மூத்தவ யோசன சொல்லி ஊரு கூடி மண்சொவரு வச்சுது. மணலு சொவத்து மேல ஏறி அந்தப் பக்கம் குதிச்சிருச்சு.

அப்பந்தான் பூங்கனி சொன்னாளாம், "காத்த ஏன் மறிக்கணும்? அது போவட்டும். பனமட்டைய எடம் விட்டு எடம் விட்டு ஊனுங்க. காத்து நொழஞ்சு போவும், மணலு கீழ விழுந்துரும்."

ஊனுனாங்க. மணலு மட்டைக்கடியிலயே விழுந்து மேடாச்சு. கெணத்துத் தண்ணி தெளிஞ்சு நின்னுச்சு. ஊரே பூங்கனி பூங்கனிங்குது. சிவனணைஞ்சா புருசனும் கஞ்சி குடிச்சுக்கிட்டே, "தம்பி பொஞ்சாதிக்கு நல்ல மூள"ன்னானாம். இவளுக்கு வயிறு பத்தி எரியுது.

மத்தியானம் ஊரு கண்ணசந்த நேரம் பாத்து, மட்டையப் புடுங்கப் போனாளாம். போய்ப் பாத்தா, மணலு மட்டைக் கழுத்து வரைக்கும் ஏறிக் கெடக்கு. அவளுக்கு ஒரே சந்தோசம். "நான் எதுக்குப் புடுங்கணும்? அடுத்த ஆடிக்கு இதுவே மூடிப்போவும். அப்ப இவ மூஞ்சிய எங்க வைக்கான்னு பாப்போம்"னு திரும்புனா.

திரும்புன எடத்துல அடம்பங்கொடி காலத் தட்டிச்சு. மணலு மூட மூட, கொடி மேல தலைய நீட்டிக்கிட்டு ஓடுது. அங்கேயே ஒக்காந்துட்டா. செத்த மட்ட வளராது, உசிருள்ள கொடி வளருமே. இத பூங்கனி பாத்தாளா? பாக்கல. அந்த நெனப்பே அவளுக்கு இனிச்சுதாம். கொடிய வெட்டி வெட்டி மேடு முழுக்க ஊனுனா, தண்ணி சொமந்து ஊத்துனா.

"என்னக்கா செய்யுத?"ன்னு பூங்கனி கேட்டாளாம்.

"பொழுது போவல"ன்னாளாம் இவ.

ஐப்பசி மழையில கொடி படந்துச்சு. அடுத்த ஆடியில மட்டையெல்லாம் மணலுக்குள்ள போயிருச்சு. மேடு மட்டும் அசையல. கொடி புடிச்சு வச்சிருக்கு. ஊரு சனம் மொதக் கொடம் தண்ணிய எறச்சு சிவனணைஞ்சா கையில குடுத்துச்சாம். அவ கொடத்தப் பாக்கல, பூங்கனி மொகத்தத்தான் பாத்தா.

பூங்கனி சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னா. ஆனா வீட்டுக்குப் போயி, கொதிச்ச ஒலையில அரிசி போட மறந்துட்டாளாம். மறுநாளே மேட்டுக்குப் பின்னால புன்னங்கொட்ட பொதைக்கா. "கொடி மணலப் புடிக்கும், காத்து வேகத்தக் கொறைக்குமா?"ன்னு கேட்டாளாம். மூத்தவ விடுவாளா? அந்தாண்ட தாழை வச்சா. இப்படியே ரெண்டு பேரும் கெழவியாகி, கட்டையில போற வரைக்கும் நட்டாங்களாம். ஒருத்திய ஒருத்தி மெச்சுனதே இல்லையாம்.

அதான் அதுக்குப் பேரு ஓரகத்தி மேடு. இன்னிக்கும் அந்த ஊருக்கு வாழ வர்ற பொண்ணு, தாலி ஏறுன கையோட அங்க ஒரு செடி நடணும். அவ ஓரகத்தியும் பக்கத்துல ஒண்ணு நடுவா. கூட நிக்கவங்க தண்ணி ஊத்தலாம், கொலவ போடலாம். எவ செடி நல்லாருக்குன்னு மட்டும் ஒருத்தரும் வாயத் தெறக்கப்பிடாது.