பிறந்தநாளுக்குக் கொடுத்த எஞ்சின்

கோவில்பட்டி ரயில் நிலையத்தில் முன்பதிவுக்காக வரிசையில் நின்றிருந்தோம். எனக்கு முன்னால் நின்ற கண்ணாடிக்காரர், தனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் திடீரென்று சொன்னார்.

“ஒரு பொம்மை எஞ்சினைக் கொடுத்து நல்ல மனுசனைத் தலைகுனிய வச்சுட்டேன் அண்ணாச்சி.”

“என்னவே சொல்லுதீரு?”

“நான் பொம்மை ரயில் சேக்குறவன்னு உங்களுக்குத் தெரியும்லா. எங்க தெருவுல ரிட்டயர்டு டிரைவர் ஒருத்தர் இருக்காவ. கரி எஞ்சின் ஓட்டுனவிய. அவிய எழுபதாவது பிறந்தநாளுக்கு, அவிய எஞ்சின் மாதிரியே ஒண்ணைத் தேடிப் பிடிச்சு, அதே நம்பரையும் எழுதிக் கொண்டுபோனேன். வீடு நிறைய சொந்தக்காரங்க.”

“சந்தோசப்பட்டிருப்பாவளே?”

“நம்பரைத் தடவிப் பாத்தாவ. ‘இது விசில் அடிக்குமா?’ன்னாவ. நான் பெருமையா பொத்தானை அமுக்குனேன். எல்லாரும் கைதட்டுனாங்க. அவிய மட்டும் தரையப் பாத்துக்கிட்டே, ‘கடம்பூர் பக்கத்துல ஆடு மேய்ச்ச பொம்பளை ஒருத்தி என் வண்டியில அடிபட்டுச் செத்தா. அன்னைக்கு நான் விசில் அடிக்கலை. விசாரணையில அடிச்சேன்னு பொய்யா எழுதிக் கொடுத்தேன்’னாவ.”

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். “வீட்டுல யாருக்கும் தெரியாதா?”

“பொண்டாட்டிக்கே அன்னைக்குத்தான் தெரியும்.”

“அப்புறம் நீரு என்ன செஞ்சீரு?”

“கையில கேசரித் தட்டு இருந்துச்சு. யார் முகத்தையும் பாக்காம, அதை முழுசாத் தின்னுட்டு வந்துட்டேன்.”