இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தது

பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும், மேடம். அப்படியே வெட்டித் தைத்துக் கொடுத்தால் முதல் சலவையிலேயே சுருங்கும். பேச்சு வாங்குவது தையல்காரிதான். மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்ட நாளிலிருந்து நான் தைத்த துணி எதுவும் சுருங்கியதில்லை. என் தங்கை இசபெல்லாவின் துணிகள் சிறுத்தது நான் பிடித்துத் தைத்ததால்தான்.

அப்பா இறந்ததும் பன்னிரண்டாவதோடு நின்று மிஷினில் உட்கார்ந்தேன். அவளைத் தர்மபுரியில் காலேஜில் சேர்த்ததும் நான்தான். வாலிபால் ஆடுவாள். நல்ல உயரம், நல்ல பசி. ஆடிவிட்டு வந்தால் களி உருண்டையை நின்றபடியே விழுங்குவாள். எனக்குச் சிறுவயதிலிருந்தே பருத்த உடம்பு. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

போன வருடம் ஈஸ்டர் முடிந்து, ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு பையனின் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். பையனின் அம்மா மெதுவாகத்தான் கேட்டார்: "சின்னவளக் குடுக்கறதா இருந்தா சொல்லுங்க, நாங்க காத்திருக்கறோம்."

இசபெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் யாரையும் கட்டிக்க மாட்டேங்க்கா," என்றாள். நல்ல பிள்ளை. அவர்கள் கேட்டதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அவள் அழுததைத்தான் பொறுக்க முடியவில்லை. எனக்காக இரக்கப்படும் அளவுக்கு வளர்ந்துவிட்டாளே என்று நினைத்தேன். கொஞ்சம் அடக்கம் வந்தால் அவளுக்குத்தான் நல்லது என்று பட்டது. வேறெந்த எண்ணமும் இல்லை.

அடுத்த வாரம் அவள் காலேஜுக்குப் போனதும் அவளுடைய பச்சைச் சுடிதாரை எடுத்து, பழைய தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் ஒரு நூல் அளவு உள்ளே பிடித்துத் தைத்தேன்.

"அக்கா, இது போன வாரம் சரியா இருந்துச்சே."

"துணி அப்பிடியேதான் இருக்குது," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அவளே நினைத்துக்கொண்டாள். கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியில் பழைய உடம்புதான் தெரிந்தது. ஆனால் அக்குளிலும் இடுப்பிலும் துணி இறுக்கியது. அவள் துணியை நம்பினாள். பிறகு மற்ற சுடிதார்கள், ஜாக்கெட், ஜீன்ஸ். அளவெடுக்கும்போது நாடாவில் இருப்பதைவிடக் கூட்டிச் சொல்வேன். அவள் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. அக்கா சொல்வதைச் சரிபார்க்கத் தோன்றுமா?

முதலில் இரவுச் சாப்பாட்டை விட்டாள், பிறகு காலைச் சாப்பாட்டை. அவள் இளைக்க இளைக்க நான் பிடித்துக்கொண்டே வந்தேன். அது சுலபமான வேலையில்லை. அவள் உடம்பைவிட என் கை வேகமாகப் போக வேண்டியிருந்தது. எல்லாரும் தன் தொடையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று வாலிபாலை நிறுத்தினாள். அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார்.

தர்மபுரியில் ஒரு டாக்டரம்மாவிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவர் ஒரு கயிற்றைக் கொடுத்து, "உன் இடுப்பு எவ்ளோ இருக்கும்? கீழ வட்டமா போட்டுக் காட்டு," என்றார். இசபெல்லா போட்டாள். அந்த வட்டம் என் இடுப்புக்குச் சரியாக இருந்திருக்கும். டாக்டர் அதே கயிற்றை அவள் இடுப்பில் சுற்றினார். சுற்றியது போகப் பாதிக் கயிறு தொங்கியது. அவள் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "நீங்க சுத்துனதுல ஏதோ தப்பு இருக்குதுங்க டாக்டர்," என்றாள்.

அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் எனக்கு விளக்கினார். "கண்ணுல கோளாறு இல்லம்மா. என் உடம்பு இவ்ளோன்னு எல்லார் மூளையிலயும் ஒரு உருவம் இருக்கும். நல்லா ஆரோக்கியமா இருக்கற வயசுப் பிள்ளைங்களுக்கே அது முன்னப் பின்னதான் இருக்கும். கண்ணுல பாக்கறது, போடற துணி, அடுத்தவங்க பேச்சு, எல்லாத்தையும் வெச்சு மூளை அதத் திருத்திக்கிட்டே இருக்கும். இவளுக்கு எங்கியோ தப்பாத் திருத்திடுச்சு. வூட்ல யாராச்சும் குண்டுன்னு சொன்னீங்களா?"

"யாருமே சொல்லலீங்க," என்றேன். அது உண்மை.

புதிதாக, தளர்வாகத் துணி தைத்துப் போடச் சொன்னார்.

பஸ்ஸில் இசபெல்லா என் தோளில் சாய்ந்துகொண்டாள். "எல்லாரும் இளைச்சிட்ட, இளைச்சிட்டன்னு பொய் சொல்றாங்க. நீ மட்டுந்தாங்க்கா அப்பிடிச் சொல்லல."

அப்போது சொல்லியிருக்கலாம். பாலக்கோடு தக்காளி மண்டி முன்னால் பஸ் வெகுநேரம் நின்றது. சொல்ல நேரம் இருந்தது. சொன்னால் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று யோசித்தேன். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது. அதனால் புதுத் துணியையும் இறுக்கித்தான் தைத்தேன்.

மார்கழியில் ஒருநாள் காலை குளிக்கப் போனவள் விழுந்துவிட்டாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். தூக்கியது நான்தான். தூக்குவதற்கு இன்னொரு ஆள் தேவைப்படவில்லை.

அவளுடைய துணிகளை அம்மா, பிலோமினா சித்தியின் மகளுக்குக் கொடுத்தார். அவற்றைப் பெரிதாக்கச் சித்தி கொடுத்தது கலைமதியிடம்; அவளும் தையல்காரிதான். உள்ளே வரிசை வரிசையாக ஊசித் தடம் இருந்ததைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தார். அதில் எனக்குக் கோபமில்லை.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமையால் என்று மட்டும் எழுத வேண்டாம். அவள் மேல் எனக்கு உயிர். அவள் சாப்பிடாத அந்த மாதங்களில் எனக்கும் சோறு இறங்கவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றிருந்தபோது, பின்னால் வந்த சித்தி திகைத்து நின்றுவிட்டார்.

"எவ்ளோ இளைச்சுட்ட, சகாயராணி. பின்னால இருந்து பாத்து இசபெல்லாதான் நிக்கறான்னு நெனச்சுட்டன்," என்று அழுதார்.

"இன்னொருக்கா சொல்லுங்க சித்தி," என்றேன்.