நடந்து போகிறவனின் ஹெல்மெட்

போன ஆண்டு என் பேச்சின் பாதியில் மைக்கை அணைத்துவிட்டு, இன்று தலைமை ஏற்றிருக்கும் அண்ணன் ஞானசேகரன் அவர்களே! கைக்குட்டை போட்டு முன்வரிசை பிடித்த பெரியோர்களே! என்னை வம்புக்காரன் என்று வாய் நிறைய அழைக்கும் அல்சூர்த் தாய்மார்களே! சிறப்பு விருந்தினராக வந்து சீருடையில் வீற்றிருக்கும் காவல் ஆய்வாளர் ஸ்ரீகண்டன் அவர்களே! வணக்கம்.

'காவலர் நம் நண்பர்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். நண்பர்தான். யார் மறுத்தது? ஆனால் நண்பரைக் கண்டால் நெஞ்சு ஏன் நடுங்குகிறது? நா ஏன் நழுவுகிறது? நடை ஏன் நாலு தெரு சுற்றுகிறது?

ஏரிக்கரையில் என் ஸ்கூட்டர் களவு போனது. அதில் மாட்டியிருந்த ஹெல்மெட்டும் கூடவே போனது. அன்று முதல் நடக்கிறேன். சிக்னலில் காவலர் மஞ்சுநாத்தைக் கண்டால் போதும், என் கை தானாக உயர்ந்து ஹெல்மெட் இருக்கிறதா என்று தலையைத் தடவுகிறது! அவரே கன்னடம் கலந்து கேட்டுவிட்டார்: "யாகே சார், ஏன் சார், நடந்துதானே போறீங்க? தலைல இன்னா தேடுறீங்க?"

நான் சொன்ன பதில்? "சாரி சார், நாளையிலேருந்து போட்டுக்கிறேன்."

சிரியுங்கள்! அஞ்சாதவர் மட்டும் சிரியுங்கள்! ஏன் சட்டென்று அமைதி?

புகார் கொடுக்க நிலையத்துக்குப் போனேன். "இன்னா விஷயம் சார்?" என்று அன்பாகத்தான் கேட்டார்கள். "நான் எதுவும் பண்ணலை சார்" என்றது என் வாய். மறுபடியும் போனேன். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றது. ஸ்கூட்டரைத் திருடியவன் எவனோ. திருட்டு முழி முழித்தவன் நான்!

என்ன ரத்தினம்மா? "அப்ப இன்னும் கம்ப்ளெயின்டே குடுக்கலையாய்யா?" என்கிறீர்களா? இல்லை தாயே! அதற்காகத்தான் மேடை ஏறினேன். அங்கே நான் தனி ஆள். இங்கே என் பின்னால் ஊரே இருக்கிறது! இந்த மன்றத்தில், இந்த மைக்கில், இதோ என் புகார். ஆய்வாளர் அவர்களே, என் ஸ்கூட்டர்...

எழுந்துவிட்டாரே! என்னை நோக்கி வருகிறாரே!

என் கை தலைக்குப் போய்விட்டது. ஐயோ, உங்கள் கைகளும்! முன்வரிசை முழுவதும் எழுந்து நின்று தலையைத் தடவுகிறது! தலைவர் தம் நாற்காலியில் சீட் பெல்ட் தேடுகிறார்!

"கூத்கொள்ளி, உக்காருங்க எல்லாரும்! நான் தண்ணிக்குத்தான் எழுந்தேன்" என்கிறார் ஆய்வாளர்.

குடியுங்கள் ஐயா. குடித்துவிட்டு இந்தக் கைகளைப் பாருங்கள். வாய் நண்பர் என்கிறது. கை வேறு கதை சொல்கிறது. என் கை ஒரு பொருளைத் தேடுகிறது. தேட வேண்டியது தங்கள் கடமை; தினமும் தேடுவது என் கை! கண்டுபிடித்துக் கொடுங்கள், கையை இறக்கிக்கொள்கிறேன். அடையாளம் சொல்கிறேன்: சாம்பல் நிறம், கிழிந்த சீட், இடப்பக்கக் கண்ணாடி கிடையாது...

கண்ணாடி என் தப்புதான் சார்! கிடைத்ததும் மாட்டிவிடுகிறேன் சார்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இம்முறை அணையாத மைக்குக்கும் நன்றி. தலையிலிருந்து கையை எடுக்க முடிந்தவர்கள் தட்டுங்கள். வணக்கம்!