சி மைனர் நைன்த்தும் ரெண்டாவது நாற்காலியும்

– மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா ஆச்சா மச்சான்? அடுத்த வாரத்துலேர்ந்து மேடையில ரெண்டே நாற்காலிதான்னு ஹோட்டல்காரன் சொல்லிட்டான். ஒண்ணு பாடற உங்கக்காவுக்கு. இன்னொண்ணு என் கிட்டாருக்கு. உன் பேஸ் கிட்டாரை வீட்டுல சாத்தி வை.

– நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா அத்தான்?

– அதாவது, பேஸ் இல்லைன்னா எவன் கவனிக்கப் போறான்?

– சரி, இருக்கட்டும். அக்கா பாட்டோட முதல் கார்டு, அஞ்சு சுரம் சேர்ந்து ஒலிக்கிற சி மைனர் நைன்த். தனியா வாசிங்க, கேப்போம்.

– எனக்கே பரீட்சையா? இந்தா, கேட்டுக்கோ.

– கேட்டேன். பாட்டு, புருஷன் விட்டுட்டுப் போனவ பாடறது. நீங்க வாசிச்சது பற்பசை விளம்பரம் மாதிரி பல்லைக் காட்டுது.

– அதே விரல், அதே இடம்டா. பத்து வருஷமா இதைத்தான் வாசிக்கிறேன்.

– பத்து வருஷமா அடியில 'சி' போட்டது நான். உங்க கையில அந்த சுரமே கிடையாது. அது இல்லைன்னா மிச்சம் ஈ ஃபிளாட் மேஜர் செவன்த், சிரிக்கிற கார்டு. சோகத்தை நான் சுமந்தேன், கைதட்டலை நீங்க வாங்கிக்கிட்டீங்க.

– அதாவது, நான் வாசிக்கிறது இன்வெர்ஷன். சுரத்தை மேலே கீழே மாத்திப் போடறது. உனக்கு எங்க புரியும்?

– சட்டையைத் திருப்பிப் போடலாம் அத்தான். கழட்டி எறிஞ்சிட்டுத் திருப்பிப் போட்டேன்னு சொல்லக் கூடாது.

– வாயை அடக்கு. கார்டுல அஞ்சு சுரம், எனக்கு நாலு விரல். ஒண்ணை விட்டுத்தானே ஆகணும்?

– விடுங்க. நடுவில நிக்கிற 'ஜி'யை விடுங்க, அதை யாரும் தேட மாட்டாங்க. நடுவிரலை அஞ்சாவது கம்பியில மூணாவது ஃபிரெட் கட்டத்துல வைங்க, அதுதான் 'சி'. ஆள்காட்டி நாலாவது கம்பியில முதல் ஃபிரெட். மிச்ச ரெண்டு விரலும் மூணாவது, ரெண்டாவது கம்பியில, மூணாவது ஃபிரெட். ஓரத்துக் கம்பி ரெண்டையும் தொடாதீங்க. ம், இப்ப மீட்டுங்க.

– அட. அழுவுதே.

– அழும். அடிச்சுரம் இப்ப உங்க கையிலயே இருக்கில்ல.

– அதாவது மச்சான், உன்னைக் கெட்டிக்காரன்னு நினைச்சேன். வாய்ச்சண்டையில ஜெயிக்கிற அவசரத்துல உன் பிழைப்பையே தூக்கி என் கையில குடுத்துட்டியே. இனி நீ எதுக்கு? பெட்டியைத் தூக்கிக்கிட்டு நடையைக் கட்டு.

– கட்டறேன். ஹோட்டலுக்குத்தான் போறேன். இதையெல்லாம் அக்காவுக்குப் போன மாசமே சொல்லிக் குடுத்தாச்சு அத்தான். இப்ப அவளே கிட்டாரும் வாசிச்சுக்கிட்டுப் பாடறா. ரெண்டாவது நாற்காலிக்கு என்னை பேஸோட வரச் சொல்லியிருக்கா.