டென்ஸ்டாட் ஏரியின் மர வளையம்

ஆயர் அவர்களே, தீயணைப்புத் தோழர்களே, முன்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அன்பு லெஸ்டர் அவர்களே, டென்ஸ்டாட் ஏரிக்கரைக் குடும்பத்தாரே!

நம் ஏரிச் சங்கத் தலைவி, லெஸ்டரின் மனைவி, மார்லிஸ் டோலஃப்ஸ்ருட், தூக்கத்திலேயே இதயம் நின்று நம்மை விட்டுப் போய்விட்டார். நான் பேச எழுந்தாலே பின்வரிசையிலிருந்து, “சத்தமா பேசுப்பா, ஒண்ணும் கேக்கல” என்று அவர் குரல் வரும். இன்றும் வராதா என்று காது ஏங்குகிறது.

ஏரி உறைந்தால் அடியில் மீன்கள் மூச்சுமுட்டிச் சாகின்றன என்று, நீரைக் கலக்கும் மிதவை இயந்திரத்தைக் கொண்டுவந்தவர் யார்? மார்லிஸ்! அதே இயந்திரம் சுற்றியுள்ள பனிக்கட்டியை அரித்து ஆளையும் விழுங்கும் என்று தொண்டை வறளக் கத்தியவர் யார்? அவரும் மார்லிஸ்தான்! மேலே பனி தூவிவிட்டால் கெட்டி எது, மெல்லியது எது என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் கிறிஸ்துமஸ் முடிந்ததும் நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரங்களைக் கேட்டு வாங்கி, திறந்த நீரிலிருந்து வெகுதூரம் தள்ளி, இதைத் தாண்டாதே என்று பனிக்கட்டியில் வளையமாக நட்டார். மரத்தில் ஒரு ஜிகினா இழை தொங்கினாலும் விடமாட்டார். “மீன் முழுங்கித் தொலைக்கும். உருவிட்டு வா” என்று என் மரத்தையே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

கதவருகே ஆரின் தலையைக் குனிந்துகொள்கிறார். திறந்த நீரருகே மீன் கூடும் என்று, ஒரு வருஷம் வளையத்துக்குள் பனிக்கட்டிமேல் தன் மீன்பிடிக் குடிசையை இழுத்துப் போட்ட மகான் இவர்!

“ஆரின், வெளிய வா. குடிசையை இழு.”

“போங்க மார்லிஸ், நான் இந்த ஏரியிலயே பொறந்து வளந்தவன்.”

“அதுலயே சாகப்போறியா? மீனுக்கு மூச்சு வேணும்னு மெஷின் போட்டோம். உனக்கு மூச்சு வேணாமா?”

“ரெண்டு மீன் கடிக்கட்டும், கிளம்பிடறேன்.”

“சரி, நானும் வரேன். சேந்தே முழுகலாம்.”

சொன்னவர் மரங்களைத் தாண்டி ஓரடி உள்ளே வைத்துவிட்டார். ஆரினுக்குப் பயம் வந்தது அப்போதுதான். திட்டிக்கொண்டே குடிசையை இழுத்தார். மறுநாள் காற்று திசை மாறியது. குடிசை நின்ற இடத்தில் தண்ணீர் அலையடித்தது. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் மார்லிஸுடன் பனியில் குழி தோண்டி மரம் நட்டவர் ஆரின்தான்.

அன்பர்களே! இன்று காலை ஏரிக்குப் போனேன். இயந்திரம் ஓடுகிறது. இந்த ஆண்டு வளையம் இன்னும் நடவில்லை, நாங்கள் அவசரமாகக் கட்டிய கயிறு மட்டும் ஆடுகிறது. இரவு பனி கொட்டுமாம். விடிந்தால் பிள்ளைகள் பனிவண்டியோடு கிளம்பிவிடுவார்கள். இயந்திரத்தை நிறுத்திவிடலாம் என்றார் ஒருவர். நிறுத்தினால் வசந்தத்தில் கரையெல்லாம் செத்த மீன் ஒதுங்கும். மார்லிஸ் நம்மைச் சும்மா விடுவாரா?

ஆகவே காபி ஆறட்டும், ஹாட்டிஷ் சாப்பாடும் ஆறட்டும். வெளிச்சம் இருக்கும்போதே அவரவர் வீட்டு மரத்தோடு ஏரிக்கு வாருங்கள். இன்று மட்டுமல்ல, இந்த ஏரி உறையும் ஒவ்வோர் ஆண்டும் வருவோம் என்று இங்கே வாக்குக் கொடுப்போம்!

முதல் மரம் வாசலில் வண்டியில் இருக்கிறது. மார்லிஸ் கடைசியாக அலங்கரித்த மரம். “எல்லாத்தையும் உருவிட்டேன். உச்சியில ஒரு ஜிகினா இழை மட்டும், அவ கையால சுத்தினது, எடுக்க மனசு வரல” என்றார் லெஸ்டர்.

நாங்களும் எடுக்கப் போவதில்லை மார்லிஸ். வந்து திட்டுங்கள்.