இரண்டாவது வாசிப்பு

— அழிச்சிட்டேன்னு சொல்றேன் இல்ல? எத்தினி தபா கேப்ப, செழியா?

— நீங்க அழிச்சிருக்க மாட்டீங்க மொதலாளி. பீஸ் போன பல்பைக்கூடக் காயிதத்துல சுத்தி வெக்கற ஆளு நீங்க. பிச்சைமுத்து கடைசியா டிரம்ஸ் வாசிச்ச டேப்ப அழிச்சேன்னா எவன் நம்புவான்?

— டேப்பு ஸ்பூலு இன்னா கொல்லையிலயா காய்க்குது? மெட்ராஸ்ல இருந்து வரணும். ஆடி மாசம் அம்மன் பாட்டு கேசட்டு போட வேண்டியிருந்துது. அது மேலயே பதிஞ்சிட்டேன். டீயைக் குடி, ஆறிப்போவுது.

— ரெண்டு வருசம் கழிச்சு இந்த ரூமுக்குள்ள வந்திருக்கேன். டீக்கா வந்தேன்?

— வந்ததுல இருந்து அதைத்தான் பாத்துக்கினு இருக்கேன். தாடி வேற. ஆமா, கிதாரு எங்க?

— வித்துட்டேன்.

— இன்னாது?

— திருநாவலூர்ல ஒரு கல்யாணக் கச்சேரி பார்ட்டி. வித்துட்டேன்.

— அடப்பாவி! இன்னா வெலைக்கு… வாணாம், சொல்லாத. வயிறு எரியும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வாங்கி மாட்டி வெச்சிருப்பேனேடா.

— நீங்க பாதி வெலைக்குக் கேட்டிருப்பீங்க.

— கேட்டிருப்பேன். அது வேற விசயம்.

— வேலைக்கு ஆர்டர் வந்திருச்சு மொதலாளி. சங்கராபுரத்துல கிளார்க்கு. புது ஒதுக்கீட்டுல எடுத்த மொத பேட்ச்சு. திங்கக்கெழம சேரணும்.

— நல்ல சேதி. இதை மொதல்ல சொல்ல மாட்டியா? லட்சுமி, கொஞ்சம் சக்கரை எடுத்தாம்மா.

— சக்கரை வாணாம். அந்தக் காயிதத்த கையில வாங்கினப்ப எனக்கு எழுத்தே தெரியல. ரோட்டுக்குக் குறுக்க கெடந்த புளியமரந்தான் தெரிஞ்சிது.

— அதை இப்ப ஏன் பேசற?

— பேசத்தான் வந்திருக்கேன். ஒதுக்கீடு கேட்டு மரத்த வெட்டிப் போட்டுப் பண்ண மறியலு தப்புன்னு நான் சொல்லல. நானும் கொடி புடிச்சவன். ஏரு புடிச்ச கையி பேனா புடிக்கணும்னு கேட்டதுல இன்னா தப்பு? ஆனா நம்ம பிச்சைமுத்து அந்த மரத்துல சைக்கிளோட மோதி, விடியற வரைக்கும் உசுரோட கெடந்தான். தூக்கிக்கினு போவ ஒரு வண்டி வர முடியல. முன்னாடியும் மரம், பின்னாடியும் மரம்.

— தெரியும்டா. காரியத்துக்கு நானுந்தான வந்தேன்.

— அவங்க அம்மா செல்லியம்மா இன்னிக்கும் என்னை எங்க பாத்தாலும் ஒண்ணுதான் கேக்குது. மறியலுக்கு மொத நாளு, கள்ளக்குறிச்சியில இருந்து நாலு மணி பஸ்ஸுதான் கடைசின்னு நம்ம ஊரு எலவனாசூர்கோட்டைக்கே தெரியும், எம்புள்ள ஏன்டா அந்த பஸ்ஸுக்கு வரலன்னு. ரெண்டு வருசமா நான் தலையக் குனிஞ்சிக்கினு போறேன். சேர்றதுக்கு முன்னாடி நாளைக்குப் போயி பதில் சொல்லிட்டு வரணும்.

— இன்னா பதில் சொல்லப் போற?

— என்னாலதான்னு சொல்லப் போறேன்.

— உன்னாலயா? உனக்கு இன்னா பைத்தியமா?

— மூணே முக்காலுக்கு மொத வாசிப்பு முடிஞ்சிது. அவன் குச்சியைப் பையில போட்டு, செருப்பைக்கூட மாட்டிட்டான். நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு வெரலைச் சுத்தினீங்க. இன்னொரு தபான்னு. இருபத்திரெண்டு நிமிசப் பாட்டு. ரெண்டாவது முடிக்கறப்போ மணி நாலே கால். நம்ம ஆர்கன் அறிவுச்செல்வனோட சைக்கிளை வாங்கிக்கினு போனான். அதுல லைட்டு கெடையாது.

— சரி. அதுல நீ எங்க வந்த?

— பதினோராவது நிமிசம். டிரம்ஸு ஏழு தட்டு தட்டி முடிச்ச பின்னாடி நான் கிதாருல நொழையணும். ஆறுலயே நொழைஞ்சிட்டேன். அதுக்குத்தான நீங்க திருப்பி வாசிக்கச் சொன்னீங்க? அவன் என் மூஞ்சியப் பாத்தான் மொதலாளி. செருப்பைக் கழட்டிட்டு ஒக்காந்தான். ஒரு வார்த்த திட்டல.

— நீ ஆறுல நொழைஞ்சேன்னு எவன் சொன்னான்?

— எனக்கே தெரியுது. ராவுல படுத்தா அந்த எடந்தான் ஓடுது. ஒரு நாளு ஆறு, ஒரு நாளு ஏழு. அதான் கேக்கறேன். ரெண்டு டேப்பும் வேணும். மொதல்ல என் தப்பை நான் கேக்கணும். ரெண்டாவதை அந்தம்மாவுக்குப் போட்டுக் காட்டணும்.

— செழியா, எந்திரிச்சி வூட்டுக்குப் போ. வேலையில சேரு. ஒரு கல்யாணம் பண்ணிக்க.

— என் தப்புதான்னு உங்களுக்குத் தெரியும். அதை மறைக்கத்தான் அழிச்சேன்னு சொல்றீங்க.

— டீயைக் குடிச்சிட்டுக் கெளம்பு.

— சரி, வரேன் மொதலாளி. டேப்பு இல்லன்னாலும் போவுது. நான் சொல்ல வேண்டியத சொல்லிடறேன்.

— நில்லு. ஒக்காரு. லட்சுமி, பீரோ சாவியக் குடு. நம்ம கல்யாணத்துக் கூறப்பொடவைக்கு அடியில ஒரு பொட்டி இருக்கும் பாரு, அதையும் எடுத்தா.

— பொடவைக்கு அடியிலயா?

— கேசட்டுப் பொட்டியில வெச்சா எவனாவது அது மேல அம்மன் பாட்டைப் பதிஞ்சிடுவான். எவனாவது இன்னா, நானே பதிஞ்சிடுவேன். தள்ளிக்க. ம்… கேளு.

— இது மொத வாசிப்பா?

— மொத வாசிப்புதான்.

— மழை சத்தம்… இது பாட்டுல சேக்கறதுக்குன்னு கல்வராயன் மலையில புடிச்சது.

— வெள்ளிமலையில. இந்த டேப்பு மிஷினைத் தலையில வெச்சி மேல வரைக்கும் தூக்கினது பிச்சைமுத்து. நான் கொடை புடிச்சேன். அவனுக்கு இல்ல, மிஷினுக்கு.

— அவன் சிரிச்சிக்கினே வந்தான்.

— ஆமா. உங்க மேல எனக்கு இன்னா கிறுக்கோ தெரியல. காதல் பாட்டு ஒண்ணே ஒண்ணு போடுங்கடான்னு கால்ல விழாத கொறை. நீங்க மழை, பாறை, இடின்னு ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. பேரு மேகம் கோஷ்டி! மேகம்னா வைத்தியர்கிட்ட ரகசியமாக் காட்டற வியாதின்னு நெனைப்பாங்கடான்னு சொன்னேன், கேட்டீங்களா? பத்து வருசம், நாலு கேசட்டு. கள்ளக்குறிச்சியில எவன் வாங்கினான்? அம்மன் பாட்டுதான் எனக்குச் சோறு போட்டுது.

— பேசாதீங்க. அறிவு ஆர்கன்ல வரான். இப்ப பிச்சைமுத்து… இதோ, அந்த எடம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு… ஏழு.

— ம்.

— ஏழுல வரேன்.

— ஏழுலதான் வர.

— திருப்பிப் போடுங்க.

— எத்தினி தபா போட்டாலும் ஏழுதான். ரெண்டு வருசமா நான் போடாத தபாவா?

— அப்ப வேற யாரு தப்பு? அறிவா? அவனேவா?

— யாரும் இல்ல. இருபத்திரெண்டு நிமிசமும் ஒரு பிசிறு கெடையாது. உங்க பத்து வருசத்துலயே நல்ல வாசிப்பு அதான்.

— அப்ப எதுக்கு இன்னொரு தபான்னு சொன்னீங்க?

— டேப்பு ஓடுது, அதைக் கேளு.

— மொதலாளி, கடைசி பஸ்ஸுன்னு உங்களுக்கும் தெரியும். எதுக்கு?

— எங்கப்பன் மாட்டுத் தரகன்டா. துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சி வெலை பேசற ஆளு. மொத வெலைக்குத் தலையாட்டினவன் யாவாரி இல்லன்னுவாரு. மாடு லட்சணமா இருந்தா மூஞ்சிய இன்னும் சுளின்னுவாரு. அதைப் பாத்து வளந்தவன் நான். மொத தபாவே நல்லா இருக்குதுன்னு உங்ககிட்ட நான் எப்பவாவது சொல்லியிருக்கனா?

— ஒரு நாளும் சொன்னதில்ல.

— சொல்லியிருந்தா மறுநாளே மெட்ராஸுக்கு பஸ் ஏறியிருப்பீங்க. நாலு பேரும். உங்களப் புடிச்சி வெக்க எங்கிட்ட வேற இன்னா இருந்துது? வெளிச்சத்தம் வராம உமி மூட்ட அடுக்கின ஒரு ரூமு. சுளிச்ச மூஞ்சி. அதான்.

— அன்னிக்குமா?

— அன்னிக்கும் யோசிக்கல. வெரலு தானா சுத்திடுச்சு. அவன் செருப்பைக் கழட்டறதப் பாத்துக்கினுதான் நின்னேன். போடா, பஸ்ஸு போயிடும்னு சொல்ல வாயி வரைக்கும் வந்துது. மொதலாளி எறங்கி வரக் கூடாதுன்னு முழுங்கிட்டேன்.

— ரெண்டாவது வாசிப்புதான் எப்பவும் நல்லா வரும், மொதலாளிக்குக் காது அப்படின்னு அவன் சொல்லிக்கினே இருப்பான் மொதலாளி. கேசட்டு வந்த ஒடனே கேட்டுட்டு, பாத்தியா, ரெண்டாவது தபா வாசிச்சதுக்கு எப்படி வந்திருக்குதுன்னு சொல்லுவான்.

— சொல்லாத.

— உங்கள நான் திட்டல. திட்டி இன்னா ஆவப்போவுது? ரெண்டாவது டேப்ப எடுங்க.

— மொதல்ல இதைக் கேட்டு முடி.

— அதை எடுங்க. அவன் கடைசியா வாசிச்சது அது. நாளைக்கு அந்தம்மா காதுல அதைப் போட்டு, இந்தா, இதுக்காகத்தான் உம்புள்ள பஸ்ஸ உட்டான், இது இருக்குது பாருன்னு சொல்றேன். அதுக்கு ஈடா அதுங்கையில ஒண்ணாவது இருக்கட்டும்.

— செழியா…

— அதைத்தான் அழிச்சிட்டீங்களா?

— அழிக்கலடா. பதிவாவுதுன்னு காட்டற செகப்பு பல்பை மட்டும் போட்டுடுவேன். பத்து வருசத்துல ஒரு நாளும், உங்க ரெண்டாவது வாசிப்புக்கு நான் மிஷினை ஓட்டினதே இல்ல.